ஒரு கைத் தண்ணீர்

வேலாங்காட்டுப்புதூரில் விமலாராணியைப் 'பம்பு டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். அவள் டீச்சரும் இல்லை, பம்பு விற்க வந்தவளும் இல்லை. கோயம்புத்தூரில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கள மேற்பார்வையாளர். வாரத்தில் நாலு நாள் காந்திபுரத்தில் பஸ் ஏறி அன்னூரில் இறங்கி, அங்கே இன்னொரு பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்து, ஊர் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்திருக்கும். தோளில் ஒரு ஜோல்னாப் பை, அதற்குள் ஒரு ரிஜிஸ்டர், ஒரு டிபன் டப்பா. புருஷன் ஞானாபரணம் வேலை பார்த்த மில்லைப் பூட்டி இரண்டு வருஷம் ஆகிவிட்டது. வீட்டில் அடுப்பெரிவது அந்த ரிஜிஸ்டரை நம்பித்தான்.

அது தொண்ணூற்றேழாம் வருஷம். பெண்களை அடிபம்பு மெக்கானிக் ஆக்குவது என்று ஒரு திட்டம் வந்திருந்தது. பம்பு கெட்டுப்போனால் யூனியன் ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆள் வருமா வருமா என்று மாதக்கணக்கில் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் சுமக்கிறவள் பெண்தானே, அவளுக்கே கழற்றி மாட்டச் சொல்லிக் கொடுத்துவிட்டால் என்ன? யோசனையில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. யோசித்தவர்கள் டெல்லியில் மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து யோசித்தார்கள், அவ்வளவுதான்.

விமலாராணி ஊருக்குள் வீடு வீடாக ஏறி இறங்கினாள். யாருமே மாட்டேன் என்று சொல்லவில்லை. கொங்கு நாட்டில் ஒருத்தரை உட்காரவைத்து 'முடியாது' என்று முகத்துக்கு நேரே சொல்வது மரியாதைக் குறைவு. "ஆகட்டுங்க அம்மணி, புள்ளய அனுப்பிச்சுப் போடறமுங்க" என்றார்கள். "அதுக்கென்னங்க, நல்ல காரியந்தானுங்களே" என்றார்கள். பன்னிரண்டு பெயரை எழுதிக்கொண்டு வந்தாள். இந்த ஊர்ப்பக்கத்துக்காரிதான் அவளும். இந்த 'ஆகட்டுங்க'வுக்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவள் இல்லை. ஆனாலும் ரிஜிஸ்டரில் பன்னிரண்டு பெயர் வரிசையாக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பயிற்சி நாளன்று அன்னூருக்கு அந்தப் பன்னிரண்டில் ஒருத்தியும் வரவில்லை. ஒரு வீட்டில் ஒறம்பரை, விருந்தாளிகள், வந்துவிட்டார்களாம், ஒரு வீட்டில் பெண் பார்க்க வருகிறார்களாம். வந்தது பதிமூன்றாவதாக ஒருத்தி. காலனியிலிருந்து பங்காரம்மா. அவளை யாரும் கூப்பிடவே இல்லை. காடு தோட்டமென்று கூலிக்குப் போகிறவள், நாற்பத்தைந்து வயது, கை இரண்டும் மண்வெட்டிப் பிடிபோல இருக்கும்.

"எங்க காலனி பம்பு நாப்பத்தொரு நாளு கெட்டுக் கெடந்துச்சுங்க மேடம். காட்டுக் கெணத்து மேட்டுல கொடத்த வெச்சுப்போட்டு, யாராச்சும் ஊத்துவாங்களான்னு நிக்கோணும். ஊத்தறவங்களுக்கு மனசு வந்தா ஊத்துவாங்க. எனக்குக் கழட்டத் தெரிஞ்சா நான் ஏனுங்க நிக்கறேன்?"

பத்து நாள் பயிற்சி. மற்ற ஊர்களிலிருந்து வந்த இளம்பெண்கள் ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பங்காரம்மா கைப்பிடியைக் கழற்றி, சங்கிலியை எடுத்து, ராடை ஒவ்வொன்றாக மேலே இழுத்து, மீதி உள்ளே நழுவாமல் கிளாம்ப் போட்டு நிறுத்தியிருப்பாள். அடியில் சிலிண்டருக்குள் தேய்ந்துபோயிருந்த வாஷரை எடுத்துப் பார்த்துவிட்டு, "இது தோலுங்களா மேடம்?" என்று கேட்டாள். தோல்தான். இத்தனை ஊரும் அந்தத் தோல் வாஷரைத் தாண்டி வருகிற தண்ணீரைத்தான் குடிக்கிறது. பங்காரம்மா சிரித்துக்கொண்டே அதை மாற்றினாள்.

கடைசிப் பாடம் விமலாராணி எடுத்தது. பம்பை மாட்டி முடித்ததும் ஐம்பது அடி அடித்து அழுக்குத் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். பிறகு மெக்கானிக் ஒரு கைத் தண்ணீர் குடித்துப் பார்க்க வேண்டும், எண்ணெய் வாசம் வருகிறதா என்று. அவள் குடித்த பிறகுதான் ஊர் குடிக்கலாம். பங்காரம்மா அதை மட்டும் இரண்டு தடவை திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

முதல் வேலை ஊருக்குள் மேற்கு வீதி பம்பு. பஞ்சாயத்துத் தலைவர் லட்சுமணசாமி நேரில் வந்து நின்றார். முகம் கோணவில்லை. "செய்யட்டுங்க, செய்யட்டுங்க" என்றார். இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் கொட்டியது. விமலாராணிக்குத் தலைகால் புரியவில்லை. பங்காரம்மா கையை ஏந்தப் போனபோது தலைவர், "கெடக்குது பங்காரா, நீ போய்க் கைகாலக் கழுவு, எண்ணெயா இருக்குது" என்றார். அவள் ஒரு நொடி நின்றுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போனாள். அதில் என்ன இருக்கிறது என்று விமலாராணி நினைத்துக்கொண்டாள், முதல் நாள்தானே.

அன்றைக்கு மூன்று மணி பஸ் வரவில்லை. அடுத்த பஸ்வரை நிழலில் உட்காரலாம் என்று திரும்பி வந்தவள் மேற்கு வீதியில் பார்த்தாள். நாலு பெண்கள் பம்பைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார்கள். முதலில் சாணித் தண்ணீர், பிறகு மஞ்சள் தண்ணீர். கைப்பிடி, குழாய், மேடை, பங்காரம்மா மண்டியிட்டிருந்த தரை, ஒன்றையும் விடவில்லை. தலைவர் சம்சாரம் சாமியாத்தாள்தான் முன்னால் நின்று கழுவினாள். விமலாராணியைப் பார்த்ததும், "வாங்க அம்மணி, பஸ்ஸு வரலீங்களா? ஊட்டுக்கு வாங்க, மோர் குடிச்சுப்போட்டுப் போலாம்" என்றாள். கையில் சாணி சொட்டிக்கொண்டிருந்தது. குரலில் அத்தனை பிரியம்.

விமலாராணி போனாள். வெள்ளி டம்ளரில் மோர் வந்தது, கருவேப்பிலை கிள்ளிப் போட்டிருந்தார்கள். அவள் டம்ளரைக் கையில் வாங்கினாள். அவளுடைய தாத்தா கொடுமுடிப் பக்கம் இதேபோல ஒரு காலனியிலிருந்து மிஷன் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தவர். மூன்று தலைமுறையில் பெயர் மாறிவிட்டது, டவுனுக்கு வந்தாயிற்று, புடவையும் படிப்பும் இருக்கிறது. "அம்மணிக்கு எந்தப் பக்கமுங்க?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "டவுனுதானுங்க" என்று சொல்லிவைத்திருந்தாள். அது பொய் இல்லை என்று அவளுக்கு அவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தாள்.

தலைவர்தான் பேச்சை எடுத்தார். "தப்பா நெனைக்காதீங்க அம்மணி. எனக்கு ஒண்ணும் இல்லீங்க. பொம்பளைங்க கேக்கமாட்டேங்கறாங்க. நம்ம கதிர்வேலு சும்மாத்தான் சுத்தீட்டு இருக்கறான். அவன் ஸ்பேனரப் புடிக்கட்டும், பங்காரா அக்கட்டால தள்ளி நின்னு சொல்லட்டும். உங்க ரிஜிஸ்டர்ல அவ பேரே இருக்கட்டுங்க. யாருக்கும் பொல்லாப்பில்ல பாருங்க."

கதிர்வேல் அவருடைய தங்கை மகன். விமலாராணி ஆபீசில் போய் இயக்குநர் பாலகோபாலிடம் சொன்னாள். அவர் நல்ல மனிதர், அதுதான் சங்கடம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நாம புரட்சி பண்ண வரல விமலா, தண்ணி வரவைக்க வந்திருக்கோம். பம்பு ஓடினா போதும். மத்தது தானா மாறும்" என்றார். மற்றது எதுவும் எந்தக் காலத்திலும் தானாக மாறியதில்லை என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு வந்தாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்று பங்காரம்மாவிடம் சொன்னபோது அவள், "சரிங்க மேடம்" என்றாள். அதுவும் ஒரு 'ஆகட்டுங்க'தான்.

அப்புறம் நடந்ததெல்லாம் கூத்து. கதிர்வேல் பம்பு மேடையில் நிற்பான். பத்தடி தள்ளி வேப்பமரத்தடியில் பங்காரம்மா நின்று, "சாமி, நட்ட இடப்பக்கம் திருப்புங்க", "சாமி, சங்கிலியப் பாத்துங்க" என்று கத்திக்கொண்டிருப்பாள். காலனிப் பொம்பளை ஏவ, தான் செய்வதா என்று அவனுக்கு எரிச்சல். வடக்கு வீதி பம்பைக் கழற்றிய அன்றைக்கு, "கிளாம்ப்ப மொதல்ல மாட்டுங்க சாமி, மாட்டாம கழட்டாதீங்க" என்று அவள் மூன்று தடவை சொன்னாள். "எல்லாந் தெரியும், நீ மூடு" என்றான். நட்டைக் கழற்றினான். ராடும் சிலிண்டரும் மொத்தமாகக் கிணீரென்று போர்க்குழிக்குள் விழுந்தன. இருநூறு அடி ஆழம். அந்தப் பம்பு அத்தோடு போயிற்று.

ரிஜிஸ்டரில் யார் பெயர் இருக்கிறது? பங்காரம்மா பெயர். "பொம்பளைக்கிக் குடுத்தா இப்பிடித்தான்" என்று ஊரில் பேச்சு. தலைவர் தோட்டத்தில் அவளுக்கு இரண்டு வாரம் வேலை கொடுக்கவில்லை. விமலாராணி உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். 'தொழில்நுட்பக் கோளாறு' என்று எழுதி மழுப்பிவிட்டாள். எழுதிய பேனாவை அன்று முழுக்க அவளால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

அடுத்த மாசியில் டெல்லியிலிருந்து ஓர் அம்மாள் திட்டத்தைப் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. அவருக்குப் பிடித்துப்போனால் திட்டம் நாற்பது ஊருக்குப் போகும், வேலாங்காட்டுப்புதூருக்கு ஒரு மேல்நிலைத் தொட்டியும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் அன்னூர்க் கிளையை மூடிவிடுவார்கள், விமலாராணியின் வேலையும் அத்தோடு போகும். பாலகோபால் இதை அவளிடம் மெதுவாகச் சொன்னார். தொட்டி என்றதும் தலைவரும் இறங்கிவந்தார். "ஒரு நாளைக்குத்தானுங்களே, பங்காராளே செய்யட்டுங்க."

விமலாராணி காலனிக்குப் போய்க் கேட்டாள். பங்காரம்மா கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தாள்.

"வாரேனுங்க. ஆனா நானே கழட்டி நானே மாட்டுவேன். மாட்டுன பொறவு ஒரு கை தண்ணி குடிப்பேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க. எங்க பம்புல தெனமும் குடிக்கறேன். ஊருக்குள்ள இத்தன பம்பத் தொறந்து மூட வெச்சேன், ஒண்ணுலயும் நாக்கு நனைக்கல. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க மேடம். அந்த ஒரு கை போதும்."

"கண்டிப்பாங்க்கா. நான் பக்கத்துலயே இருப்பேன்" என்றாள் விமலாராணி. மனசாரத்தான் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் ஞானாபரணத்திடமும் சொன்னாள். அவர், "பாத்து" என்று மட்டும் சொன்னார்.

அந்த நாளும் வந்தது. மேற்கு வீதியில் பந்தல், தோரணம், பிளாஸ்டிக் நாற்காலி. பங்காரம்மா தலைக்குக் குளித்து, சுங்குடிப் புடவை கட்டி வந்திருந்தாள். ஒன்றரை மணி நேரம். ஒரு நட்டுக்கூட நழுவவில்லை. ராட் ஒவ்வொன்றாக மேலே வந்து, திரும்ப உள்ளே போயிற்று. டெல்லி அம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். ஐம்பது அடி அடித்ததும் தண்ணீர் தெளிந்து கொட்டியது. எல்லோரும் கை தட்டினார்கள், கதிர்வேல்கூட.

டெல்லி அம்மாள் சிரித்துக்கொண்டே கையால் ஜாடை காட்டினார், குடியுங்கள் என்று. பங்காரம்மா விமலாராணியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்து இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். கை நிறைந்தது.

வீதி அப்படியே அடங்கிப்போயிற்று. சாமியாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தலைவர் திரும்பினார். விமலாராணியைப் பார்த்தார், அவ்வளவுதான். முகத்தில் அந்தச் சிரிப்பு மாறவேயில்லை. அந்தப் பார்வையில் தொட்டி இருந்தது, நாற்பது ஊர் இருந்தது, பூட்டிய மில் இருந்தது. அவள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். வாய் தானாகத் திறந்தது.

"அக்கா இன்னைக்கு விரதமுங்க! பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படக்கூடாது" என்று ஊருக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். அதையே இங்கிலீஷில் டெல்லி அம்மாளுக்கும் சொன்னாள்.

பங்காரம்மா குனிந்தபடியே இருந்தாள். வாய்க்கும் கைக்கும் நாலு விரல் தூரம். பிறகு விரலை விரித்தாள். தண்ணீர் மேடையில் விழுந்து ஓடியது. அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"எத்தனை பக்தி" என்றார் டெல்லி அம்மாள். அவரே ஒரு கை பிடித்துக் குடித்தார். போட்டோ எடுத்தார்கள். பார்வையிட்டவர்களின் கார் அன்னூர் ரோட்டைத் தொடுவதற்குள் சாணிக் கரைசல் தயாராகிவிட்டது.

திட்டம் நாற்பது ஊருக்குப் போயிற்று. விமலாராணிக்குப் பதவி உயர்வு. பாலகோபால் ஆபீசில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். அறிக்கையில் வேலாங்காட்டுப்புதூரின் பெயர் முன்மாதிரிக் கிராமம் என்று அச்சாகியிருந்தது.

பத்து நாள் கழித்து அவள் காலனிக்குப் போனாள். என்ன சொல்வது என்று பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தாள். பங்காரம்மா வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து உள்ளே போய், டூல்ஸ் பெட்டியை எடுத்துவந்து விமலாராணியின் காலடியில் வைத்தாள். கோபமாக வைக்கவில்லை.

"எல்லாம் சரியா இருக்குதுங்க மேடம். எண்ணி எடுத்துக்கோங்க. கதிர்வேலு சாமிகிட்டக் குடுத்துருங்க."

"நான் சொன்னது தப்புங்க்கா. எனக்கு அந்த நேரத்துல..."

"உடுங்க. உங்களுக்கும் ஊடு வாசல் இருக்குதில்லீங்களா."

விமலாராணிக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாக இந்த வாசலுக்கு வந்துபோகிறாள்; ஒரு நாளாவது இங்கே ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க்கா."

பங்காரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வீதியின் அந்தக் கோடியைப் பார்த்தாள். அங்கே ஊர்க்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்.

"வேண்டாமுங்க மேடம். யாராச்சும் பாத்துப்போட்டா நாளைக்கு உங்களுக்கு அங்க மோர் தரமாட்டாங்க" என்று, நிஜமான அக்கறையோடு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

விமலாராணி இன்னொரு தடவை கேட்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.