நாலரைக்கு வரச் சொன்னவர்

கண்டியில் நான் காசு கட்டி, நம்பர் எடுத்து டொக்டரைச் சனல் பண்ணும் இடத்தில் நம்பர் கூப்பிடுபவர் அவர். நெற்றி நிறைய விபூதி, கசங்காத சட்டை. டொக்டர் எப்போது வருவார் என்று யாராவது கேட்டால் உடனே டொக்டரின் அறைக்குள் போய், வெறும் கதிரையைத் துடைத்துவிட்டு வருவார்.

அன்று ஆறு மணியாகியும் டொக்டர் வரவில்லை. இங்கிலீஷ் படிப்பிக்கிற எனக்குப் பொறுக்கவில்லை.

“நாலரைக்கு அப்பொயின்ட்மென்ட் தந்தீங்களே! அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ரெண்டு பக்கமும் பேசி ஒத்துக்கிறதுன்னுதான் அந்தக் காலத்தில அர்த்தம்.”

“நல்ல அர்த்தம்தாங்க. ஆனா நாலரை உங்களுக்குத்தான். டொக்டருக்கு நேரம் குடுக்க என்னால ஏலுங்களா?” என்றவர், கதிரையைத் துடைக்கப் போய்விட்டார்.

அடுத்த மாதமும் நாலரைக்கே வரச் சொன்னார். என்ன மனிதரோ என்று திட்டிக்கொண்டே நாலேகாலுக்குப் போய் உட்கார்ந்தேன்.