பெட்டியை அணைத்துவிட்டு மாதாவிடம் போனேன்

இடது காலில் சேலைத் தலைப்பு பட்டால்கூட அலறிவிடுவேன். கேட்டால் சிலருக்குச் சிரிப்பு வரும். வரட்டும். முழங்காலுக்குக் கீழே கொதிக்கிற தண்ணீரை ஊற்றியது போல எரியும், பாதத்தில் ஊசி ஊசியாகக் குத்தும். வெளியே பார்த்தால் வீக்கம் இல்லை, புண் இல்லை, சிவந்துகூட இருக்காது. அதனால் யாரும் நம்பவும் மாட்டார்கள். "பாத்தா நல்லாத்தானே இருக்குற ஜெயராணி" என்று எத்தனை பேர் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள்! நல்லாத்தான் இருந்தேன், காலைத் தவிர.

விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் பொம்மை வேலை செய்கிறவள் நான். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் பொம்மையில் இணைப்புக் கோடு தெரியும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பான்ஜால் துடைத்து விடவேண்டும். அதுதான் என் வேலை. என் வீட்டுக்காரர் சூசை அதே கம்பெனியில் சூளை பார்க்கிறார். ஒரு நாள் பொம்மை அடுக்கிய பலகையைத் தூக்கும்போது முதுகில் ஏதோ பிடித்தது. டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறது என்று ஆபரேஷன் செய்தார்கள். முதுகு சரியாகிவிட்டது. கால் மட்டும் அடங்கவே இல்லை.

வருஷக்கணக்காக மாத்திரை சாப்பிட்டேன். மாத்திரை போட்டால் வலி கொஞ்சம் மங்கும், அதோடு சேர்ந்து நானும் மங்கிவிடுவேன். ஒரு தடவை கிறிஸ்மஸ் குடிலுக்கான சூசையப்பர் பொம்மையைத் தூக்கக் கலக்கத்தில் மூக்கோடு சேர்த்துச் சீவிவிட்டேன். "என் பேர் வெச்ச ஆளாச்சே, பாத்து செய்யக் கூடாதா" என்று வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். நானும் சிரித்தேன். அன்று மாலை குளிக்கிற இடத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காதபடி அழுதேன்.

ஜெபம் செய்யாமல் இருந்தேனா? எண்ணெய் பூசினேன், நவநாளுக்குப் போனேன், உபவாசம் இருந்தேன். கடைசியில் ஜெபம் சண்டையாகிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் வீட்டில் யாரும் இல்லை. சுவரில் மாட்டியிருந்த திரு இருதயப் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒண்ணு இந்த வலியை எடும், இல்லன்னா என்னை எடும். ரெண்டுல ஒண்ணைச் செய்யும்" என்று சொல்லிவிட்டேன். உண்மையாகவே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வலிக்கென்றே தனியாக ஒரு டாக்டர் இருப்பதாகத் தெரிந்து போனோம். என்னைவிட வயது குறைந்த பொண்ணு. பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டார். "உங்க வலி பொய் இல்லம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குப் பாதி உயிர் வந்தது. காயம் ஆறின பிறகும் நரம்பு ‘வலி, வலி’ என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் நூல் மாதிரி மெல்லிய கம்பியை வைத்து, கொஞ்சமாக மின்சாரம் கொடுத்தால் அந்தச் சேதி அமுங்கிப் போகுமாம். உடனே உடம்புக்குள் பேட்டரி வைத்துவிட மாட்டார்கள். முதலில் கம்பியை மட்டும் வைத்து, வெளியே இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஒரு வாரம் பார்க்கவேண்டும். வலி பாதியாவது குறைந்தால்தான் பேட்டரி. குறையாவிட்டால் கம்பியை உருவிவிடுவார்கள், அத்தோடு முடிந்தது.

செலவைத் துபாயில் இருக்கும் என் தம்பி பார்த்துக்கொள்கிறேன் என்றான். அக்டோபர் மாதம் கம்பி வைத்தார்கள். குனியக் கூடாது, உடம்பை முறுக்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்காரர் போலீஸ்காரர் மாதிரி பின்னாலேயே சுற்றினார். கீழே விழுந்த கரண்டியைக்கூட எடுக்கவிடவில்லை. காலில் எரிச்சல் இருந்த இடத்தில் மெல்லிய கூச்சம் ஓடியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் ஜெபமாலை மாதம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பகுதிக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்தில் மாதா சுரூபம் தினமும் ஒரு வீட்டுக்குப் போகும், சாயங்காலம் அந்த வீட்டில் எல்லாரும் கூடி ஜெபமாலை சொல்வோம். அந்த வாரம் சனிக்கிழமை மாதா எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஜெபமாலை முடிந்ததும் நான் எழுந்து நின்று, "என் கால் வலி குறைஞ்சிருக்குது" என்றேன். சொல்லி முடிக்கக்கூட இல்லை, ஒரே கைதட்டல். எங்கள் அன்பியத் தலைவி பிலோமினா அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவர்கள் நல்ல மனுஷி. ஆனால் நாலு தெரு தள்ளி இருந்தாலும் கேட்கிற குரல், எதையும் பாதியில் விடாத குணம்.

"மாதா வூட்டுக்கு வந்த அன்னிக்கே கொணம் குடுத்துட்டாங்க. இன்னும் எதுக்குடி இடுப்புல அந்தப் பொட்டி? மாதா மேல நம்பிக்கை இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. நம்பிக்கை இல்லை என்று என்னை யாரும் சொல்லக் கூடாது. வலி குறைந்தது மாதா வருவதற்கு இரண்டு நாளைக்கு முன்னாலேயே என்பதைக்கூட நான் அப்போது யோசிக்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. சூளையைப் பற்றவைத்துவிட்டால் நடுவில் விட்டுவிட்டு வரமுடியாது, அதனால் வீட்டுக்காரர் கம்பெனியில் இருந்தார். கோவிலுக்குக் கிளம்பும் முன் பெட்டியை அணைத்தேன். நடந்தேன். வலி இல்லை! அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அந்த நிம்மதி உடம்பில் நிற்கும் என்று பிறகுதான் தெரிந்தது. அன்று எனக்கு அது முழு அதிசயம். கோவில் வாசலிலிருந்து பீடம் வரை முழங்காலில் நடந்தே போனேன். நடுநடுவே குனிந்து, உதடு பதித்துத் தரையை முத்தி செய்தேன். பிலோமினா அக்கா பக்கத்திலேயே பாடிக்கொண்டு வந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்தார்கள். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அறிந்ததில்லை.

பூசை முடிவதற்குள் கால் எரிய ஆரம்பித்தது. வீட்டுக்கு ஆட்டோவில்தான் வந்தேன். அவசரமாகப் பெட்டியைப் போட்டேன். கூச்சம் காலுக்குப் போகாமல் வயிற்றுப் பக்கம் ஓடியது. எரிச்சல் துளியும் குறையவில்லை. கூட்டிப் பார்த்தேன், வயிறுதான் இழுத்தது. திரும்ப அணைத்தேன்.

அப்போது எனக்கு வந்தது துக்கம் இல்லை, கோபம். ஊரே பார்க்க முழங்காலில் வந்தவளை இப்படியா செய்வது? மாதாவும் கைவிட்டாள், மெஷினும் கைவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டுக்காரரிடம், "மெஷின் ஒத்துவரல, எடுத்துடலாம்" என்று மட்டும் சொன்னேன். முழங்கால் நடையைப் பற்றி அவரிடம் வாயே திறக்கவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

செவ்வாய்க்கிழமை புதுச்சேரிக்குப் போனோம். டாக்டர் கேட்டார்: "கீழ கீழ விழுந்தீங்களா? கனம் ஏதாவது தூக்குனீங்களா?"

"இல்லங்க. எரிச்சல் கொஞ்சமும் கொறையல. எடுத்துடுங்க."

"படம் எடுத்துப் பாத்துட்டு இன்னும் ரெண்டு நாள் முயற்சி செய்யலாம்மா."

"வேணாங்க. எனக்கு எதுவுமே வேணாம்."

வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். நான் அசையவில்லை. நோயாளியே வேண்டாம் என்றால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்? மத்தியானம் எடுத்துவிடலாம் என்று டாக்டர் அரைமனசாகச் சொன்னார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு அம்மா, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, வலிக்கிற முகத்தோடு, தன் முறைக்காகக் காத்திருந்தார்கள். அந்த முகத்தைப் பார்த்ததும் என் கோபம் உடைந்தது. இனி சாகிறவரை இந்தக் கால்தான் என்று முதல்முறையாகப் புரிந்தது. ஜெபமாலை எடுக்கக்கூடத் தெம்பில்லை. "ஆண்டவரே, எப்படிச் செய்யணும்னு இனி நான் உமக்குச் சொல்லமாட்டேன். உமக்குத் தெரிஞ்சபடி செய்யும்" என்றேன். அவ்வளவுதான் என் ஜெபம்.

கொஞ்ச நேரத்தில் வராண்டா முழுக்க ஒரு குரல் கேட்டது. "ஜெயராணி எங்கம்மா? விருத்தாசலம் ஜெயராணி?" பிலோமினா அக்கா. முகமெல்லாம் வேர்த்து, செருப்பு ஒரு பக்கம் அறுந்து, மூச்சு வாங்க நின்றார்கள். காலையில் என் வீட்டுக்காரருக்குப் போன் செய்து விஷயத்தைத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். "குனியாதே குனியாதே" என்று அவர் என்னைத் துரத்தியது அப்போதுதான் அவர்களுக்கு ஞாபகம் வந்திருக்கிறது. நெய்வேலி வழியாகக் கடலூர் வந்து, அங்கே இன்னொரு பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள்.

"போன்லயே சொல்லக் கூடாதா அக்கா?" என்றேன்.

"போன்ல சொன்னா நீ கேப்பியா? புடிச்ச புடிய வுடமாட்டியே."

நேராக டாக்டர் அறைக்குள் போய்விட்டார்கள். நர்ஸ் தடுத்துப் பார்த்தார், நடக்குமா? "டாக்டரம்மா, அவ முட்டி போட்டே கோவில் முழுக்க நடந்தா. குனிஞ்சு குனிஞ்சு தரையை முத்தி செஞ்சா. பொட்டிய அணைக்கச் சொன்னது நான்தாங்க. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க. அவ கம்பிய எடுத்துடாதீங்க." சொல்லிவிட்டு அங்கேயே அழுதார்கள்.

டாக்டர் திட்டவில்லை. ஒரு நிமிஷம் நெற்றியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். உடனே எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி கீழே நழுவியிருந்தது. நல்லவேளையாகக் கொஞ்சம்தான். அந்தக் கம்பியில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் உண்டு, எந்தப் புள்ளி வழியாக மின்சாரம் போகவேண்டும் என்று வெளியிலிருந்தே மாற்றலாமாம். மேல் புள்ளிகளுக்கு மாற்றினார். "இப்ப எங்க தெரியுது?" "இடுப்புல." "இப்ப?" "தொடையில." "இப்ப?" பாதம் வரைக்கும் வந்துவிட்டது. அழுதுகொண்டே காலைக் காட்டினேன். என் ஜெபத்துக்குப் பதில் இரண்டு பஸ் மாறி வந்தது, நண்பர்களே. இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்ல வந்தேன்.

மிச்ச நாட்களில் தலையைக்கூடப் பார்த்துத்தான் திருப்பினேன். கிறிஸ்மஸுக்கு முன்னால் பேட்டரியை இடுப்புக்கு மேலே தோலுக்குள் வைத்துவிட்டார்கள். வலி முழுக்கப் போய்விட்டது என்று சொன்னால் பொய். முன்பு பத்துக்கு எட்டு என்றால் இப்போது மூன்று இருக்கும். மழை நாளில் கொஞ்சம் கூடும். மூன்றோடு குடும்பம் நடத்தலாம். மாத்திரை குறைந்துவிட்டது, பொம்மைகளுக்கு மூக்கு தப்பியது. கோவிலில் மற்றவர்கள் முழங்காலில் இருக்கும்போது நான் நின்றுகொண்டுதான் இருக்கிறேன். யாராவது திரும்பிப் பார்த்தால் பார்க்கட்டும்.

பிலோமினா அக்கா அடுத்த அன்பியக் கூட்டத்தில், யாரும் கேட்காமலே எழுந்து நடந்ததைச் சொன்னார்கள். ஒரு தலைவி தன் ஆட்களுக்கு முன்னால் அப்படிச் சொல்வது லேசு இல்லை. ஆண்டவர் தொட்டது என் காலை மட்டும் இல்லை என்று அன்றைக்குப் புரிந்தது. ஜெபம் என்றால் அவரைச் சோதித்துப் பார்ப்பது என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தேன். அவர் யாரை வேண்டுமானாலும் அனுப்புவார், டாக்டரை அனுப்புவார், கம்பியை அனுப்புவார், வாய் நீளமான ஒரு அக்காவையும் அனுப்புவார். வேண்டாம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

உங்களில் யாருக்காவது இப்படி வெளியே தெரியாத வலி இருந்தால் தனியாக இருந்து மருகாதீர்கள். ஆண்டவரிடம் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். குணமாகிவிட்டது என்று சொல்லி யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்லாதீர்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்த ஊராக இருந்தாலும் பஸ் ஏறி நானே வருகிறேன். இப்போது என்னால் வரமுடியும்.