கதவு எண்ணோடு ஒரு பாட்டு

இரண்டாம் சரணம் முடிந்ததும் இளவேனில் பைபிளுக்குள்ளிருந்து நான்காக மடித்த தாளை எடுத்துவிடுகிறார். இனி கீபோர்டு வாசிக்கும் சசிகுமாருக்கு வேலையில்லை. ஒரே கட்டையை அழுத்திக்கொண்டு கூரையைப் பார்க்க வேண்டியதுதான். "இருபத்தோராம் ப்ளாக்கு, டைப் டூ, நாப்பத்தேழாம் நெம்பரு, காந்திமதியம்மா, முட்டி வலி... தொடுமய்யா" என்று பாட்டின் ராகத்திலேயே இழுக்கிறார். பிறகு பதினாறாம் ப்ளாக். பிறகு ஒன்பது. மூன்றாம் சரணம் எப்போது வரும் என்பதை ஆண்டவர் அறிவார், சசிகுமார் அறியமாட்டார்.

இளவேனிலுக்கு வயது நாற்பத்தாறு. நிலக்கரிச் சுரங்க கேண்டீனில் பதினெட்டு ஆண்டுகளாக கான்ட்ராக்ட். முதல் ஷிப்ட் முடிந்ததும் முத்தாண்டிக்குப்பம் வீட்டுக்குப் போய்க் குளித்து, வெள்ளைப் புடவைக்கு மாறி, மொபெட்டில் சீரகத் தண்ணீர் பிளாஸ்க்கைத் தொங்கவிட்டுக்கொண்டு மறுபடி சுரங்கக் கம்பெனியின் நகரியத்துக்கு வருவார். போஸ்டரில் 'சகோதரி எஸ்தர் இளவேனில்'. என் பக்கத்து க்வார்ட்டர்ஸில் வெள்ளிதோறும் ஜெபக்கூட்டம் என்பதால், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஆறு ஆண்டுகளாக நான் கேட்டுவருகிறேன். நல்ல குரல்தான். மேலே போகும்போது லேசாகக் கிழிகிறது. அதை மறைக்க அவர் முயல்வதில்லை.

இருபத்து நான்கு வருடப் பாட்டு வாழ்க்கையில் அவர் ஒரு நிகழ்ச்சியையும் நேரத்துக்கு முடித்ததாகச் செய்தி இல்லை. பண்ருட்டிப் பக்கம் ஒரு பெருங்கூட்டத்தில் ஏழு நிமிடம் கொடுத்தார்கள். இருபத்திரண்டாவது நிமிடத்தில் மைக்கை அணைத்தார்கள். மைக் இல்லாமலேயே மீதி நம்பர்களை முடித்துவிட்டுத்தான் மேடையிலிருந்து இறங்கினார். அடுத்த வருடம் அழைப்பு வரவில்லை.

எல்லாம் அறிந்தவருக்குக் கதவு எண் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். எல்லாம் அறிந்த ஒருவரிடம் விண்ணப்பிப்பதே முரண் என்பதில் தொடங்கிக் கொஞ்ச நேரம் விளக்கவும் செய்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது கம்பெனி டவுன்ஷிப்புங்க சார். நெம்பர் இல்லாம கரெண்டே வராது. ஒரே ப்ளாக்ல நாலு சுப்பிரமணியன் இருக்காங்க, எந்த சுப்பிரமணியனுக்கு சுகரு?" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஒருமுறை நம்பர் தவறியது. அன்புமணி என்பவர் ஓய்வுபெற்று க்வார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டார். அது தெரியாமல் இளவேனில் எட்டு மாதம் பழைய நம்பரிலேயே அவருடைய இதயத்துக்காகப் பாடியிருக்கிறார். தெரிந்ததும் பட்டியலைத் திருத்தியிருக்கலாம். நீட்டினார். இப்போது அன்புமணிக்குப் புது விலாசத்தில் ஒரு வரி. பழைய வீட்டுக்குக் குடிவந்தவர்களுக்கும் ஒரு வரி. "எட்டு மாசமா அந்த வூட்டுக்குத்தான சொல்லிக்கினு இருந்தேன். திடீர்னு நிறுத்தினா அவங்க இன்னா நெனைப்பாங்க?" அவர்களுக்கு இந்த விஷயமே தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன்.

பட்டியலில் இளவேனிலின் பெயர் இல்லை. கேட்டதற்குச் சிரித்தார். "எனக்கு ஏதுங்க சார் நெம்பரு? பெர்மனென்ட்டுக்குத்தான க்வாட்டர்ஸு."

இந்த நவம்பரில் கடலூரில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் ஜெயராமன், தன் யூடியூப் சேனலின் கிறிஸ்துமஸ் பாட்டாக இளவேனில் எழுதிய பாட்டை அவரையே பாடித் தரச் சொன்னார். 'கரிமேட்டு மேலே விடியலைத் தந்தீர், கறுத்த என் கையையும் கழுவ வந்தீர்' என்று தொடங்கும். வரிகளில் எழுத்துப்பிழை பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள். ஐந்து நிமிடம், நம்பர் கிடையாது என்பதுதான் பேச்சு. இரண்டு தடவை போனோம். இரண்டு தடவையும் மூன்றாம் சரணத்துக்கு முன்னால் இருபத்தோராம் ப்ளாக் வந்துவிட்டது.

"ஒலகம் பூரா கேக்கற பாட்டு அக்கா இது. அதுல முட்டி வலி எதுக்கு?" ஜெயராமன் தலையில் கைவைத்துக்கொண்டார். "இன்னும் ஒரே ஒரு நாள் தரேன். அன்னைக்கும் கெட்டுச்சின்னா வேற பொண்ண வெச்சிப் பாட வெச்சிடுவேன். பாட்டு நல்ல பாட்டு, விட முடியாது."

இளவேனில் பயந்துவிட்டார். செல்போன்களில் தலையும் வாலும் இல்லாத துண்டுகளைத் தவிர அவர் குரல் எங்கும் பதிவானதில்லை. "நான் போனப்புறமும் ஒரு பாட்டாவது முழுசா நிக்கணும் சார்" என்றார். ஒரு வாரம் குளிர்ந்த எதையும் தொடவில்லை. கேண்டீனில் ஷிப்ட் மாற்றி வாங்கினார்.

நேற்று மூன்றாவது தடவை. கூடத்துக்குள் நுழையும் முன் சசிகுமார் கையை நீட்டினார். "அந்தத் தாளக் குடுக்கா."

"இன்னிக்கி நெம்பரு சொல்ல மாட்டேன் தம்பி."

"குடு."

கொடுத்தார். சசிகுமார் அதைச் சட்டைப்பையில் வைத்து, மேலே தட்டிப் பார்த்துக்கொண்டார்.

முதல் சரணம் சுத்தமாக வந்தது. இரண்டாவது அதைவிட நன்றாக. மேல் ஸ்தாயியில் அந்தக் கிழிசல்கூடச் சரியான இடத்தில் விழுந்ததாக எனக்குப் பட்டது. கண்ணாடிக்கு அப்பால் ஜெயராமன் கட்டைவிரலை உயர்த்தினார். கீபோர்டு மூன்றாம் சரணத்துக்கு வழிவிட்டு நின்றது. இளவேனிலின் வலது கை பழக்கத்தில் பைபிளுக்குள் போய், ஒன்றும் அகப்படாமல் திரும்பியது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

காலையிலிருந்தே மூடி வைத்திருந்த இடது கையை அப்போதுதான் விரித்தார். உள்ளங்கை முழுக்க நீலப் பேனா எழுத்து, வியர்வையில் பாதி கலைந்திருந்தது. அதை விளக்கு வெளிச்சத்துக்கு உயர்த்தி, கண்ணுக்கு அருகே கொண்டுபோய், முதல் நம்பரைத் தேடினார்.