பினாயில்காரரும் பிளாஸ்டிக் ரோஜாவும்

திண்டுக்கல்லில் நான் வீட்டிலேயே பினாயில் தயாரிக்கத் தொடங்கியபோது எங்களுக்குப் போன் கிடையாது. பாட்டில் லேபிளில் பக்கத்து வீட்டு பாயின் நம்பரைப் போட்டு, அது அடுத்த வீட்டுப் போன் என்பதற்கு அடையாளமாகப் பி.பி. என்று அச்சடித்திருந்தேன். அவர் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். எனக்குப் போன் வந்தால் எங்கள் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் கொடுப்பார். அன்று அவர் கூப்பிட்டபோது நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குளியலறை டிரம்முக்குள் பினாயில் எண்ணெயை ஊற்றி, தண்ணீர் பால் நிறமாவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, மெட்ராஸ்லருந்து போன் வந்துச்சு. தென்னிந்தியாவோட முன்னணித் தொழிலதிபர்கள்னு ஒரு புஸ்தகம் போடுறாகளாம். நூறு பேருல நீங்களும் ஒரு ஆளாம்."

"நம்பர் தப்பா இருக்கும் பாய்."

"நானும் அப்படித்தான் சொன்னேன். பினாயில்னு சொல்றாக. பினாயில்னா நீங்கதான?"

என் மனைவி பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாம் பழைய இரும்புக்கடையில் வாங்கிய காலி பிராந்தி பாட்டில்கள். "கடையில மீதிச் சில்லறை கேக்க என்னைய அனுப்புற ஆளு," என்றாள். "இவருதான் தென்னிந்தியாவா?"

அந்தச் சமயம் எங்களுக்கு வேறொரு கவலை இருந்தது. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் மாதாமாதம் பினாயில் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் கேனில்தான் வேண்டும். "பிராந்தி பாட்டில்ல கொண்டாந்தா எங்க ஆளுக குடிச்சுப்புடுவாய்ங்க," என்று மேஸ்திரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கேன் வாங்கச் சேர்த்த பணம் உளுந்து டப்பாவில் இருந்தது. ஒன்றாம் தேதிக்குள் கேனோடு போகாவிட்டால் ஆர்டர் மதுரைக்காரர் ஒருவருக்குப் போய்விடும்.

இந்த நேரத்தில்தான் டை கட்டிய ஒருவர் வீட்டுக்கு வந்தார். பாட்டில்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு உட்காரவைத்தோம்.

"உங்களை ஒரு கமிட்டி தேர்ந்தெடுத்திருக்கு சார்," என்றார்.

எந்தக் கமிட்டி என்று நான் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கேள்விகள் ஆள் தெரு திரும்பிய பிறகுதான் எனக்கு வரும். புத்தகத்தில் ஒரு பக்கம், ஒரு கேடயம், மதுரையில் விழா என்று சொல்லிக்கொண்டே போனார். அச்சுச் செலவுக்கு அவர் கேட்ட தொகையும் உளுந்து டப்பாவில் இருந்ததும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன. டப்பாவை அவர் மோப்பம் பிடித்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

"கோட்டு போட்ட போட்டோ வேணும் சார். பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ஸ்டுடியோ இருக்கு. நம்ம ஆளுங்க எல்லாம் அங்கதான் எடுப்பாங்க."

அவர் போன பிறகு பாய் சுவருக்கு அப்பாலிருந்து, "போட்டோதான தம்பி, எடுத்து வைங்க," என்றார். "என் நம்பருக்கு வந்த விருது. பாதி எனக்கும் உண்டு."

ஸ்டுடியோவில் ஆணியில் ஒரே ஒரு கோட்டு தொங்கியது. யார் வந்தாலும் மாட்டிவிடுவதற்கு வசதியாக முதுகை நீளமாகக் கிழித்து வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குப் போகிறவனைப் போல முன்பக்கமாகக் கையை விட்டேன். போட்டோக்காரர் பின்னால் நான்கைந்து ஊக்குகளைக் குத்தினார். நெஞ்சுப் பக்கம் யாரோ இஸ்திரி போடும்போது தீய்த்துவிட்ட அடையாளம் இருந்தது. அதை மறைக்க ஒரு பிளாஸ்டிக் ரோஜாவைச் செருகினார். ரோஜாவின் ஓர் இதழை எலி கடித்திருந்தது.

"கீழ லுங்கி கட்டியிருக்கேனே," என்றேன்.

"தொழிலதிபருக்கு இடுப்பு வரைக்கும்தாண்ணே," என்றார் அவர்.

அடுத்த வாரம் டை கட்டியவர் பணம் வாங்க வந்தார். என் போட்டோவைப் பார்த்து, "அப்படியே பம்பாய்க்காரர் மாதிரி இருக்கீங்க சார்," என்றார். நான் டப்பாவை எடுக்க எழுந்தேன்.

"போன வருசத்துப் புஸ்தகம் இருக்குங்களா?" என்று கேட்டாள் மனைவி.

பெருமையோடு பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தங்க எழுத்தில் கனமான புத்தகம். முதல் பக்கத்தில் பெரிய மீசைக்காரர் ஒருவர், கோட்டில் ரோஜாவோடு இருந்தார். அடுத்த பக்கத்தில் ஒல்லியான ஒருவர், அதே கோட்டு, அதே ரோஜா. ரோஜாவில் எலி கடித்த இடமும் அதேதான். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். ஆட்கள் மாறினார்கள், கோட்டு மாறவில்லை. தென்னிந்தியா முழுவதும் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வந்து முதுகில் ஊக்குக் குத்திக்கொண்டு போயிருந்தது. ஒருவரை எனக்கே தெரியும். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கிழிந்த சாக்குகளைத் தைத்து விற்பவர். அவர் படத்துக்குக் கீழே 'சர்வதேசச் சணல் துறையின் முன்னோடி' என்று போட்டிருந்தது.

"இந்தப் புஸ்தகத்த யாரு வாங்குவா?" என்றாள் மனைவி.

"இதுல இருக்கிறவங்கதாம்மா. ஆளுக்கு அஞ்சு பிரதி."

"வேற யாரும் வாங்க மாட்டாகளா?"

"வேற யாரும் எதுக்கும்மா வாங்கணும்?" என்றார் அவர், உண்மையிலேயே புரியாமல்.

வேண்டாம் என்று ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு வராது. "உள்ள போயி எடுத்துட்டு வாரேன்," என்று சொல்லி, டப்பாவோடு குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். சும்மா நிற்க முடியாமல் டிரம்மில் எண்ணெயை ஊற்றிக் கலக்க ஆரம்பித்தேன். வழக்கமான அளவை விட அதிகமாகவே ஊற்றிவிட்டேன். நெடி வீடு முழுவதும் ஏறியது. வெளியே அவர் இருமுவது கேட்டது.

"சார் இன்னும் வரலியேம்மா?"

"தொழில் பண்ணிக்கிட்டு இருக்காருங்க," என்றாள் மனைவி. "தொழிலதிபருல்ல?"

சுவருக்கு அந்தப் பக்கம் பாயின் குரல் கேட்டது. "தம்பி, என்ன இம்புட்டு நெடி?"

"விருது குடுக்க வந்திருக்காக பாய்," என்றேன் மெதுவாக. "கோட்டெல்லாம் ஒரே கோட்டு பாய். நான் வெளிய போகல."

அவரும் இருமினார். "அப்ப செத்த நேரம் அங்கனயே இருங்க. எனக்குப் பாதி வேணாம்."

கடைசியில் மனைவி கதவைத் தட்டினாள். "தொழிலதிபரே, வாங்க. கண்ணத் தொடச்சுக்கிட்டே போயிட்டாரு."

எடுத்த போட்டோ வீணாகவில்லை. ரேஷன் கார்டு மாற்றியபோது அதைத்தான் ஒட்டினோம். சர்க்கரை போடுகிறவர் கார்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்.

டை கட்டியவர் போன மறுநாளே டப்பாவிலிருந்த பணத்துக்குக் கேன்கள் வாங்கினேன். ஒன்றாம் தேதிக்கு முன்பே, சைக்கிளின் இரண்டு பக்கமும் கேன்களைக் கட்டிக்கொண்டு வேடசந்தூர் மில்லுக்குப் போனேன். எதிர்க்காற்று. கேட்டில் வாட்ச்மேன் கையை நீட்டி மறித்து, "யாருய்யா நீ?" என்றார்.

"பினாயில்," என்றேன்.

கேட்டைத் திறந்துவிட்டார்.