பாறையில் இருந்த செருப்பு

டூங்கபியில், என் வீட்டுக் குசினிக்குள் நின்றபடி வீடியோவில் தம்பியுடன் பேசிக்கொண்டிருந்தேன். ராஃப்டிங் போக ரிஷிகேஷுக்குப் போயிருந்தவன், கங்கைக்கு முதுகைக் காட்டிக் கரையோரம் நின்றான்.

“அக்கா, பாலம் தெரியுதோ?”

“ஓம், வடிவாத் தெரியுது.”

அவனுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் அவன் கழற்றி வைத்த செருப்பு. கறியைக் கிளறிவிட்டு மறுபடி பார்த்தேன். செருப்பைக் காணவில்லை. பாறையையும் காணவில்லை.

“தம்பி, பின்னாலை தண்ணி ஏறுது! ஓடு!”

சிரித்த முகத்தோடு படம் அப்படியே உறைந்துபோனது.

கறி கருகிய பிறகுதான் தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு வந்தது.

“அக்கா, மேலை மலையிலை மழையாம். ஆரோ ஒரு அம்மா என்ரை சேர்ட்டைப் பிடிச்சுக் கரைக்கு இழுத்திட்டா. போன்தான் ஆத்தோடை போயிட்டுது.”

இப்போது தம்பி டூங்கபியிலேயே, எனக்குப் பக்கத்துத் தெருவில்தான் குடியிருக்கிறான். ஆனாலும் வீடியோவில் வந்தால் நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. அவனுக்குப் பின்னால்தான் பார்க்கிறேன்.