பேரேட்டில் பக்கம் மாறிய நாள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிப் படிப்பு கிடையாது. எழுத்தும் கோணல். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவேன். மறதியும் கூடிவிட்டது. இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று மூன்று மாதமாக மடித்து வைப்பதும் பிரித்துப் பார்ப்பதுமாக இருந்தேன்.

நடந்த இடம் நாகர்கோவில். கொல்லம் வருஷம் ஆயிரத்து நூற்றுப் பத்தோ பதினொன்றோ. இங்கிலீஷ் வருஷம் முப்பத்தைந்து, முப்பத்தாறு வாக்கில் வரும். திருவிதாங்கூர் மகாராஜா காலம். ரூபாய்க்கு இருபத்தெட்டுச் சக்கரக் காசு. எனக்குப் பதினெட்டு வயது.

அப்பா கருங்கல் என்ற ஊர்ச் சந்தையில் சின்ன மளிகைக் கடை வைத்திருந்தார். அவருக்குக் கண் மங்கிப்போனதால் பன்னிரண்டு வயதிலிருந்தே கடையின் அன்றாட வியாபாரம் எழுதும் நாள்வழியும், ஆளுக்கொரு பக்கமாக எழுதும் பேரேடும் நான்தான் எழுதினேன். அவர் போன பிறகு கடையும் போயிற்று. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. பத்து அடி நடந்தால் உட்கார்ந்துவிடுவாள். நாங்கள் இரண்டு பேரும் நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டோடு வந்து சேர்ந்தோம். அங்கே லேஸ் பின்னும் நிலையம் ஒன்று இருந்தது. அதை நடத்திய வெள்ளைக்காரத் துரைசாணி அம்மாள், எனக்குக் கணக்கு எழுதத் தெரியும் என்று கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். இங்கிலீஷ் முறைக் கணக்கைப் படித்துப் பரீட்சையில் தேறி வந்தால் நிலையத்துக் கணக்கு வேலை எனக்கு என்றார். வகுப்புப் பீஸும் அவரே கட்டினார்.

சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் சிலோனில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த சித்தப்பா அந்த வருஷம் ஊருக்கு வந்திருந்தார். தன் நாலு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்று நின்றார். அம்மா அழுதாள். கடைசியில் பெரியம்மா ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"ஏட்டி, பரீட்சை தேறினா இங்க கெட. தோத்தா ஈஸ்டர் கழிஞ்சு கப்பல் ஏறு. ரெண்டுங்கெட்டானா நின்னு எல்லாரையும் கொல்லாத."

அம்மாவை அந்த இளைப்போடு விட்டுவிட்டுக் கடல் தாண்டிப் போனால் திரும்பிப் பார்க்கும்போது அவள் இருக்கமாட்டாள் என்று எனக்குள் ஒரு பயம் விழுந்துவிட்டது. வகுப்பு நடந்த ஆறு மாதமும் அந்தப் பயத்தோடுதான் படித்தேன்.

வகுப்பு மணிமேடைக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் நடந்தது. ஒரு அறையில் டைப் மெஷின் சத்தம், மறு அறையில் கணக்கு. ஆண்கள் இருபதுக்கு மேல். பெண் நான் ஒருத்தி. மாடிப்படி வாசல் ஓரமாக எனக்குத் தனியாக ஒரு ஸ்டூலும் சின்ன மேசையும் போட்டிருந்தார்கள். ஆஜர் கூப்பிடும்போதுகூட எனக்குச் சத்தம் வராது. வாத்தியார் பார்த்துவிட்டு, "நீ தலைய ஆட்டினா போதும் பிள்ளே" என்று விட்டுவிட்டார். அந்த வகுப்பில் என் பேச்சு அந்தத் தலையாட்டலோடு சரி.

எங்களோடு கோட்டாற்றிலிருந்து ஒரு முதலாளியும் படித்தார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். கொழும்புக்குக் கருப்பட்டியும் கருவாடும் அனுப்புகிறவர். அங்கே இருந்த கம்பெனி இங்கிலீஷ் முறையில்தான் கணக்கு வேண்டும் என்று எழுதிவிட்டதாம். குமாஸ்தாவை அனுப்பாமல் தானே வந்து பையன்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். வாத்தியார் நாலு வரி எழுதுவதற்குள் எழுந்து நிற்பார்.

"சாரே, எனக்கு ஒரு சம்சயம்."

பையன்கள் சிரிப்பார்கள். "முதலாளி வந்தாச்சு, சம்சயமும் கூட வந்தாச்சு" என்று ஒருவன் பாட்டாகவே பாடுவான். அவர் கோபப்படமாட்டார். "சிரியுங்கடா மக்கா, பீஸ் நான் கெட்டினதுதானே" என்பார். உண்மையைச் சொன்னால், அவர் கேட்ட ஒவ்வொன்றும் எனக்கும் இருந்த சந்தேகம்தான். கேட்க வாய் இல்லாதவள் நான். அவர் கேட்கக் கேட்க நான் எழுதிக்கொள்வேன். என் படிப்பில் பாதி அப்படி வந்தது.

பேரேடு பாடம் நடந்த அன்று அவர் வரவில்லை. அவர்களுக்குப் பெருநாள். நோன்புப் பெருநாளா, ஹஜ்ஜுப் பெருநாளா என்று இப்போது எனக்கு நினைவில்லை. அன்றுதான் எனக்குக் குழப்பம் வந்தது.

அதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நம் ஊர்க் கடைக் கணக்கில், ஒருவர் நமக்குப் பணம் தந்தால் பணப்பெட்டிக்கு வந்த வரவைப் பெட்டிக் கணக்கில் இடது பக்கம் எழுதுவோம். பேரேட்டில் அந்த ஆளின் பெயரிலும் இடது பக்கமே எழுதுவோம். இங்கிலீஷ் முறையிலும் பெட்டிக் கணக்கில் வரவு இடது பக்கம்தான். ஆனால் பேரேட்டில் அந்த ஆளின் பெயரில் வலது பக்கம் எழுதவேண்டும். பெட்டிக் கணக்கு ஒன்றுபோலவே இருக்கிறது, பேரேடு மட்டும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடுகிறது. ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை. பலகையைப் பார்த்து எழுதினால் சரியாக எழுதுவேன். பாராமல் எழுதினால் கை தானாக அப்பாவின் பேரேட்டுப் பக்கம் போய்விடும். ஒருதரம் வாத்தியார் சிவப்பு மையால் 'பக்கம் மாறிவிட்டது' என்று எழுதினார். மாற்றி எழுதிக் காட்டினேன். ஏன் என்று கேட்கவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் முதலாளி வந்தார். போன பாடத்தை யாரிடமோ வாங்கிப் பார்த்துவிட்டு எழுந்தார். இதைத்தான் கேட்கப்போகிறார் என்று எனக்கு உயிர் வந்தது. அவர் வாயைத் திறக்குமுன்னே ஒருவன், "பெருநாள் பிரியாணி இன்னும் செமிக்கல்லே, அதுக்குள்ள சம்சயமா?" என்றான். அறை முழுவதும் சிரிப்பு. சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் நோட்டால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்துவிட்டேன். ஏன் சிரித்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் பார்வை சுற்றிவந்து என்மேல் ஒரு நிமிஷம் நின்றது. "ஒண்ணுமில்ல சாரே" என்று உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு வகுப்பில் அவர் எழுந்து நின்றதாக எனக்கு நினைவில்லை.

பரீட்சை நாள் வந்தது. நடத்துவதற்குத் திருவனந்தபுரத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். கறுப்புக் கோட்டு, தோளில் மடித்துப் போட்ட நேரியல் துண்டு. எங்கள் வாத்தியாரைக் கீழே மருந்துக்கடையில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். அம்மா காலையில் எனக்குக் கஞ்சி ஊற்றித் தந்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு எழுந்துவிட்டேன். சித்தப்பா வீட்டு முற்றத்தில் தகரப்பெட்டிக்குப் பூட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அது எனக்காக வாங்கின பெட்டி.

ஒரு கடையின் ஒரு மாத வியாபாரத்தைத் தந்து, நாள்வழி, பெட்டிக் கணக்கு, பேரேடு எல்லாம் எழுதி, கடைசியில் டிரயல் பாலன்ஸ் போடச் சொன்னார்கள். பேரேட்டில் உள்ள எல்லாக் கணக்கின் மீதியையும் இரண்டு பத்தியாக எழுதிக் கூட்டிப் பார்ப்பது அது. இரண்டு கூட்டலும் ஒன்றுபோல வரவேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை.

எழுதி முடித்துக் கூட்டினேன். ஒத்து வரவில்லை. முப்பத்தாறு ரூபாய் பதினாலு சக்கரம் வித்தியாசம்.

மறுபடி கூட்டினேன். அதே முப்பத்தாறு ரூபாய் பதினாலு சக்கரம். கீழிருந்து மேலாகக் கூட்டினேன். அப்போதும் அதே எண்தான். முக்கால் மணி நேரம்தான் பாக்கி. எனக்கு அந்த எண்ணுக்குள் தகரப்பெட்டியும் தூத்துக்குடிக் கப்பலும்தான் தெரிந்தன. எழுந்து படியிறங்கி ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். வாசல் என் பக்கத்தில்தானே இருந்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"சாரே, எனக்கு ஒரு சம்சயம்."

அதிகாரி நிமிர்ந்தார். "பரீட்சைக்கு இடையிலயா? இரியும்."

முதலாளி உட்காரவில்லை. "ஒரு வாக்கு சொன்னா போதும் சாரே. எங்க கடைப் பேரேட்டுல ஆளு தந்த பணம் அவன் பேருல இடது பக்கம். இங்க அது வலது பக்கமா? பெட்டி மட்டும் மாறாம நிக்குதே, அது எப்பிடி?"

எனக்குத் தலையில் அடித்ததுபோல் இருந்தது. என் தாளைப் பார்த்தேன். பெட்டியில் மீதி பதினெட்டு ரூபாய் ஏழு சக்கரம். வித்தியாசத்தில் சரிபாதி. பெட்டிக் கணக்கு ஒன்று மட்டும் சரியான பக்கம் நிற்கிறது, மற்றது அத்தனையும் பக்கம் மாறிக் கிடக்கிறது. பதில் யாரும் சொல்லவில்லை. கேள்வியே எனக்குப் பிழையைக் காட்டிவிட்டது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நியாயமான மனிதர் என்றுதான் நினைக்கிறேன். பாடம் சரியாக நடக்கவில்லையோ என்று அவருக்கே தோன்றியிருக்கும். எல்லாரையும் பார்த்துக் கேட்டார்.

"வேறு யாருக்காவது இந்தச் சம்சயம் உண்டா? உண்டானால் எழுந்து நில்லுங்கள்."

யாரும் எழவில்லை. சிரிக்கவும் இல்லை. வெளியே ஒரு வில்வண்டி போன மணிச்சத்தம் கேட்டது. நான் ஒருத்தி எழுந்திருந்தால் போதும். என் கால் ஸ்டூலின் காலைச் சுற்றிப் பின்னிக்கொண்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

அதிகாரி முதலாளியின் தாளை வாங்கிக்கொண்டு வெளியே போகச் சொன்னார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் மேசையை ஒட்டி நடந்து, ஒரு கணம் நின்று, படியிறங்கிப் போனார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிறகு பேய் பிடித்தவள்போல எழுதினேன். பதினொரு கணக்கு. ஒவ்வொன்றாக அடித்துப் பக்கம் மாற்றி எழுதினேன். ஒன்பது முடியும்போது மணி அடித்துவிட்டது. கடைசியில் 'மீதி இரண்டும் பக்கம் மாறி நிற்கிறது, எனக்குத் தெரியும், நேரம் போதவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். "எப்பிடிட்டி எழுதின?" என்று பெரியம்மா கேட்டதற்கு அம்மாதான் பதில் சொன்னாள். "அவள விடு அக்கா, மொகத்தப் பாரு."

இரண்டு வாரம் கழித்துத் தேறினவர்கள் பெயரைப் பலகையில் போட்டார்கள். கீழிருந்து மூன்றாவது பெயர் என்னுடையது. சித்தப்பா தனியாகக் கப்பல் ஏறினார். பெட்டியை மட்டும் எனக்கே விட்டுவிட்டுப் போனார். அந்தப் பலகையில் முதலாளியின் பெயர் இல்லை.

அந்த வருஷம் மழைக்காலத்தில் பெரியம்மாவோடு கோட்டாற்றுக் கடைத்தெருவுக்குக் கருப்பட்டி வாங்கப் போனேன். போன கடையில் உட்கார்ந்திருந்தது அவர்தான். ஓடவும் முடியவில்லை.

"அட, நம்ம கணக்கு மோளா! வேலைக்குப் போறியா?"

மகளே என்று கூப்பிடுகிறவரிடம் தலையை ஆட்டினேன்.

"அப்ப நீ சொல்லு. எனக்கு இன்னும் அந்தச் சம்சயம் தீரல்ல கேட்டியா. அது ஏன் வலது பக்கம்?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். எப்படித்தான் எனக்கு வாய் வந்ததோ, தராசுத் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். வாங்கினவர் கணக்கில் இடது பக்கம், தந்தவர் கணக்கில் வலது பக்கம். நம் பெட்டி வாங்கிக்கொண்டது, அதனால் பெட்டிக்கு இடது. அந்த ஆள் தந்தார், அதனால் அவருக்கு வலது. வேலைக்குச் சேர்ந்து எழுதி எழுதி எனக்கே அப்போதுதான் தெளிந்திருந்தது.

அவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "இத்தறதானா? இதுக்கா என்னைய வெளிய போடான்னான்?" சுக்குக் கருப்பட்டி ஒரு பொதி எடுத்து என் கையில் வைத்தார். காசு வாங்கவில்லை.

நான் போகத் திரும்பினேன். அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"நீயும் அன்னைக்கு இடது பக்கந்தானே எழுதியிருந்தே? எறங்கிப் போம்போது பாத்தேன்."

கருப்பட்டிப் பொதியைத் திரும்ப வைக்கப் போனேன்.

"போவட்டும் மோளே. ரெண்டு பேரும் வெளிய போயி என்ன காரியம்? எனக்குக் கடை இருக்கு."

அந்தப் பொதியோடு பெரியம்மாவின் பின்னால் நடந்தேன். அதன் பிறகு முப்பத்திரண்டு வருஷம் அந்த நிலையத்தில் கணக்கு எழுதினேன். அம்மா இன்னும் ஒன்பது வருஷம் இருந்தாள், என் கையால் கஞ்சி குடித்துத்தான் போனாள். புதிதாக வேலைக்கு வந்த பெண்கள் அறியாமல் ஏதாவது கேட்டு மற்றவர்கள் சிரித்தால், என் பேனா தானாக நின்றுவிடும். பிறகும் கோட்டாற்றுக்குப் பலதரம் போனேன். அந்தக் கடை இருந்த தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். கொஞ்ச காலத்தில் கடை கைமாறிவிட்டது என்று சொன்னார்கள்.

அந்த முதலாளியின் குடும்பத்தார் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து விவரங்களைச் சரிபார்த்துப் பத்திரிகைக்கு எழுதுங்கள். அது எந்தப் பெருநாள், எந்த வருஷம், அவர் மறுபடி பரீட்சை எழுதினாரா, கொழும்புக் கம்பெனி அவர் கணக்கை ஏற்றுக்கொண்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். ஒன்றை மட்டும் திருத்தவேண்டாம்: அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது, இத்தனை வருஷம் பிந்தி இப்போதுதான் எழுந்து நின்று சொல்கிறேன்.