என் கண்ணுக்குச் சாத்திய கண்மலர்

ஒருவருக்குக் கண் போனால், அது போகக் காரணமானவனைப் பிடித்து உட்காரவைத்து, அவன் கண்ணில் ஒன்றைத் தோண்டி எடுத்து அடிபட்டவருக்கு வைத்துவிடுவார்கள் என்று நான் நம்பினேன். பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரியில் அதுதான் வழக்கம் என்று நம்பினேன். அப்போது நான் பச்சைக் குழந்தை அல்ல. மீசை முளைத்து, அதை முறுக்கவும் தொடங்கியிருந்தேன். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பரீட்சையில் கண்ணின் படம் வரைந்து, அம்புக்குறி போட்டுப் பாகம் குறித்து, முழு மார்க்கு வாங்கியவன்.

காரணமானவன் நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் பயத்துக்கு உரம்.

அக்காவைப் பொதட்டூர்பேட்டையில் கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரரைப் பாவா என்போம். அவர் வீட்டில் விசைத்தறி ஓடியது, லுங்கி நெய்வார்கள். நான் திருத்தணியிலிருந்து காலை பஸ்ஸில் போய், அறுந்த இழையை முடிந்து, கூடமாட வேலை பார்த்துவிட்டு மாலை பஸ்ஸில் திரும்புவேன். கையைவிட வாய்தான் அதிகம் உழைக்கும். ஆனால் தறி ஓடும்போது வாய்க்கு வேலை இல்லை. யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் நான் ஊர் ஆட்களைப்போல் நடித்துக் காட்டுவேன். அன்று நூல் வியாபாரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு, வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துச் சாக்கடை தாண்டும் காட்சி. தறிமேல் குனிந்திருந்த பாவா, சிரித்துக்கொண்டே என் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

அந்த நேரம் பார்த்து நாடா தடத்தை விட்டுப் பறந்தது. குறுக்கு நூலை இப்புறமும் அப்புறமும் சுமந்து ஓடுகிற மரக்கட்டைதான் நாடா. இரண்டு முனையிலும் இரும்புக் கூர். அது பாவாவின் இடது கண்ணில் பட்டது. அவர் குனிந்தே இருந்திருந்தால் தலைக்குமேல் போயிருக்கும். என் நடிப்புக்குக் கிடைத்த பரிசு அது.

தெருவே கூடியது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றவளிடம் தாய்ப்பால் வாங்கி வந்து கண்ணில் விட்டார்கள். வெற்றிலைச் சாறு வைத்தார்கள். அப்படியே சில நாள் போனது. வலி தாங்காமல் திருத்தணி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தபோது, அங்கிருந்த டாக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்து, உடனே திரும்பக் கட்டினார். "பட்டணத்துக்குக் கொண்டு போங்க. இன்னிக்கே."

அந்தக் கண்ணாஸ்பத்திரி வெள்ளைக்காரன் காலத்தது. செங்கல் சிவப்புக் கட்டடம், யானை நுழையும் உயரத்தில் கதவுகள். உள்ளே நடையில் ஒரு மரப்பலகை. பெரிய டாக்டராக இருந்தவர்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. மேலே எல்லாம் துரைமார்கள். கீழே வர வர நம் ஆட்கள். எங்கள் பக்கத்து ஜனத்துக்குக் கண்ணில் முள் குத்தினாலும் சரி, நெல் உமி பட்டாலும் சரி, கடைசியில் வந்து சேரும் இடம் அது. வார்டில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் முனகினார்கள். பாவாவைப் பார்த்ததும் நர்சம்மா கேட்ட முதல் கேள்வி, "தறியா? நாடாவா?" அக்கா தலையாட்டினாள். "உங்க ஊர் ஜனங்க தறியாண்ட ஒரு கம்பி வலை போட்டா இன்னாம்மா? இந்தக் கட்டில் நாடா அடிச்ச கண்ணுக்குன்னே இருக்குது."

எதிரில் டீக்கடை. அங்கே சோளிங்கர் பக்கத்து ஆள் ஒருவன், சொந்தக்காரர் யாருக்கோ துணைக்கு வந்தவன், டீ ஆற்றிக்கொண்டே எனக்கு ஞானம் அளித்தான்.

"வாசல்ல போர்டு பாத்தியா? கண் தானம்னு எழுதிக்கிறான் பாரு. இங்க கண்ண மாத்தறாங்கப்பா."

"யார் கண்ண?"

"சொந்தக்காரன் கண்ணதான் கேப்பான். அதுவும் யாரால போச்சோ அவன்கிட்டதான் மொதல்ல கேப்பான். நாயம் அதானே?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அதுதான் கஷ்டம். இது பொய் என்று ஒரு பக்கம் தோன்றியிருந்தால் தப்பித்திருப்பேன். குற்றம் செய்தவனுக்கு எந்தத் தண்டனையைச் சொன்னாலும் அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்திவிடுகிறது.

மறுநாள் காலை டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டார். அக்கா ஃபிளாஸ்க்கில் காப்பி வாங்கப் போயிருந்தாள்.

"நீதான் மச்சானா?"

"ஆங்... ஆமாங்க."

"அடிபட்ட கண்ணுல பார்வை இல்லப்பா. அதை எடுத்துடணும். விட்டுவெச்சா நல்ல கண்ணும் கெட்டுப்போகும். வீட்டு ஆளுங்க யாராவது சாயங்காலத்துக்குள்ள கையெழுத்து போடுங்க, நாளைக்குக் காலைல எடுத்துடறேன்." சொல்லிவிட்டு என் முகத்தை உற்றுப் பார்த்தார். "உன் கண்ணு ஏன் இப்படிச் செவந்துகிடக்கு?" விரலால் என் கீழ் இமையை இழுத்து, டார்ச் அடித்தார். "ம், கண்ணு நல்லாத்தான் இருக்கு. தூங்கு."

அழுத கண், அதனால் சிவப்பு. மனிதர் அக்கறையாகப் பார்த்தார். எனக்கோ கசாப்புக் கடையில் ஆட்டின் தொடையைத் தட்டிப் பார்த்தது போல இருந்தது. ஒரு கண்ணை எடுத்தால் குழி விழும், குழியை நிரப்ப என் கண் நல்லாத்தான் இருக்கு. டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். சொல்லாததையும் சேர்த்துக் கேட்டேன்.

பாவா இரண்டு கண்ணும் கட்டிப் படுத்திருந்தார். என் காலடிச் சத்தம் அவருக்குத் தெரியும்.

"டேய் மச்சான், டாக்டர் இன்னா சொன்னார்?"

"ஒண்ணுமில்ல பாவா, ஒரு கையெழுத்தாம்."

"போட்டுட்றா. உங்கக்காவுக்குச் சொன்னா அழுதுகினே இருப்பா. நீ படிச்சவன், பாத்துப் போடு."

"டீ குடிச்சிட்டு வந்து போடறேன் பாவா."

டீ குடிக்கப் போனவன் சென்ட்ரலுக்குப் பஸ் ஏறினேன். ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை ஒரு கண்ணை மூடி, ஒரு கண்ணால் வெளியே பார்த்துப் பழகினேன். இடது கண் போதுமா, வலது கண் போதுமா என்று மாற்றி மாற்றி. எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள், நான் கண்ணடிப்பதாக நினைத்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வேறு பெட்டிக்குப் போய்விட்டாள்.

திருத்தணியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மலை. கண்ணில் கோளாறு என்றால் எங்கள் பக்கத்து ஜனம் வேண்டிக்கொண்டு, வெள்ளித் தகட்டில் கண்போல அடித்த கண்மலர் வாங்கிச் சாமிக்குச் சாத்துவார்கள். படிக்கட்டு ஓரக் கடையில் ஒரு ஜோடி கேட்டேன்.

"யாருக்கு வேண்டுதலு?" என்றார் கடைக்காரர்.

"வீட்ல ஒருத்தருக்கு."

"பாவம். ரொம்ப மோசமா?"

"எப்ப வேணா போய்டும்னு இருக்குது" என்றேன். பொய் இல்லை. எனக்கு அப்படித்தான் இருந்தது.

மேலே போய்ச் சாத்தினேன். பெயர் நட்சத்திரம் கேட்டார்கள். என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னேன். முருகா, என் கண்ணை மட்டும் விட்டுவிடு, வேறு எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று உருகினேன். பாவா நினைவு எனக்கு வந்தது படியிறங்கும்போதுதான். ஒருவர் நெய்த லுங்கியையே உடுத்திக்கொண்டு, அவர் கண் போகிற நேரத்தில், நல்ல கண் இரண்டுக்கும் கண்மலர் சாத்திவிட்டு வருகிறேன். திரும்பி ஏறி இன்னொரு ஜோடி வாங்கியிருக்கலாம். கால் வலித்தது. வாங்கவில்லை.

காலை முதல் ரயிலில் திரும்பினேன். வெட்கம்தான் இழுத்து வந்தது, தைரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். வார்டு வாசலில் அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்கடா போய்ட்ட? எம்மச்சான் வருவான், அவன் வந்துதான் கையெழுத்து போடணும்னு இந்த மனுஷன் பிடிச்ச பிடியில நிக்கிறாரு. பொழுது சாயற வரைக்கும் பாத்தோம். டாக்டர் வந்து சத்தம் போட்டாரு. அப்புறம் நானே கைநாட்டு வெச்சேன்."

ஓடிப்போனேன் என்று சொல்ல வாய் திறந்தேன். நெற்றியில் இருந்த விபூதியை அக்கா பார்த்துவிட்டாள்.

"மலைக்கா போன?"

"ஆங்."

"கண்ணுமலர் சாத்தினியா?"

"சாத்தினேன்க்கா."

அவ்வளவுதான் நான் சொன்னது. மீதியை அவளே சேர்த்துக்கொண்டு, என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அப்போது பாவாவை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கா என் நெற்றியிலிருந்த விபூதியைத் தொட்டு எடுத்து அவர் நெற்றியில் பூசினாள்.

அன்று மாலை நர்சம்மாவிடம் மெல்லக் கேட்டேன். "ஆளுங்க கண்ண எடுத்து இவருக்கு வெப்பீங்களாம்மா?"

"உசுரோட இருக்கறவங்க கண்ண யாருய்யா எடுப்பா? செத்தவங்க குடுத்தாத்தான் எடுப்போம். அதுவும் முழுக் கண்ண யாராலயும் மாத்த முடியாது." என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உன் கண்ண வெச்சிகினு நாங்க இன்னா பண்றது?"

பாவா ஊர் திரும்பி, தறிக்குக் கம்பி வலை போட்டு, மறுபடி லுங்கி நெய்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்த கண்ணாடிக் கண் வீட்டில் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்பட்டது. "டேய், வலது பக்கமா வாடா. அந்தப் பக்கம் நின்னா நீ இன்னா சேட்டை பண்றன்னு தெரியல" என்பார். ஆடிக் கிருத்திகைக்கு மலை ஏறும்போதெல்லாம், கூட வருகிறவர்களிடம் அக்கா சொல்வாள்: "எந்தம்பி ராவோட ராவா ஓடியாந்து சாத்தினான், அதான் இவருக்கு ஒரு கண்ணாவது நின்னுச்சு." பாவா ஆமாம் என்பார். ஊரில் எல்லாரையும் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்த நான், அந்த ஒரு வேஷத்தை மட்டும் இன்றுவரை கலைக்க முடியாமல் நிற்கிறேன்.

நடந்தது இதுதான். நான் மலையில் என் பெயருக்கு அர்ச்சனை செய்துகொண்டிருந்த மாலையில், அக்கா கைநாட்டு வைத்தாள். மறுநாள் காலை டாக்டர் பாவாவின் இடது கண்ணை எடுத்தார். அதனால் வலது கண் பிழைத்தது. என் கண்ணை யாரும் கேட்கவில்லை.